கல்லைத் தொடாதீர்கள்

பழைய ஊர் ஒன்றின் நடுச்சதுக்கத்தில் ஒரு கல் கிடந்தது. அரசன் வரி கேட்ட காலத்திலும், துரை நெல் கேட்ட காலத்திலும், நியாயம் கேட்க வந்தவர்கள் அதன்மேல் ஏறி நின்றுதான் பேசினார்கள். அடியும் அங்கேயே வாங்கினார்கள். பின்னாளில் ஊர்ச்சபை அந்தக் கல்லைப் பெருமைப்படுத்தியது. சுற்றிலும் இரும்பு வேலி போட்டு, "கல்லைத் தொடாதீர்கள்" என்று பலகை மாட்டியது.

ஒரு நாள், சதுக்கத்தில் இனிக் காய்கறி விற்கக் கூடாது என்று அதே சபை உத்தரவு போட்டது. காய்காரி சிட்டம்மா கூட்டத்தோடு வந்து, பேசுவதற்குக் கல்லைத் தேடினாள்.

"வழி விடுடா, அவ ஏறட்டும்" என்றது கல்.

"அவள் கால் பட்டால் உங்கள் பெருமை என்னாவது, ஐயா?" என்றது வேலி.

"கால் பட்டுப் பட்டுத்தாண்டா எனக்குப் பெருமையே வந்தது, துருப்பிடிச்சவனே!"

வேலி அசையவில்லை. சிட்டம்மா தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். கூடை முனகியது, ஆனாலும் தாங்கியது. அவள் பேசப் பேசக் கூட்டம் பெருகியது. சபை உத்தரவைத் திரும்பப் பெற்றது.

மறுவாரம் சபையார் மேளதாளத்தோடு வந்து, அந்தக் கூடைக்கு மாலை போட்டு, வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சிட்டம்மாவும் கண் கலங்கிக் கை தட்டினாள்.

"அண்ணே, சந்தைக்கு நேரமாச்சு. கத்தரிக்காய் காத்துக்கிடக்கும். இவங்க என்னை எப்ப விடுவாங்க?" என்றது கூடை.

தலையில் அடித்துக்கொள்ளக் கல்லுக்குக் கையில்லை.

"சத்தம் போடாதீர்கள்" என்றது வேலி. "சபையார் உங்கள் துணிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."