ஓடுபாதையில் ஆறாம் லயம்

"வீடு மட்டும் போதாது சேர். காணி உறுதியும் வேணும். எங்கம்மா பேர்ல."

சம்பளத்தைக் கேள், கூரைத் தகரத்தைக் கேள், காணிப் பத்திரமான உறுதியை மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதே என்று மூக்கன் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்ட ஆபீஸுக்குள் நுழைந்ததும் சுலக்ஷனா அதைத்தான் கேட்டாள்.

காணி அதிகாரி கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பொதுவாக வரப்போகிற விமான நிலையத்தின் வரைபடம் மேசையில் விரிந்து கிடந்தது. ஓடுபாதை, அவள் குடும்பம் குடியிருந்த தொழிலாளர் வரிசைவீடான ஆறாம் லயத்தின் மேலேயே ஓடியது.

"ரெண்டு டவுன்காரங்களும் போர்டுல யார் ஊர முதல்ல போடுறதுன்னு அடிச்சுக்கிறாங்க. நீ உறுதிக்கு வந்து நிக்கிற. எந்த கேம்பஸ்?"

"பேராதனை."

"அதான் இந்த வாய்."

"வாய் லயத்துலயே இருந்துச்சு சேர். அங்க பட்டம் மட்டுந்தான் வாங்கினேன்."

அவர் தொழிலாளர் பெயர்ப் பட்டியலைப் புரட்டினார்.

"அப்பா பென்ஷன். அம்மா அழகம்மா, முழங்கால் போயி, போன வருஷமே பேர வெட்டியாச்சு. இன்னைக்குத் தேதிக்குத் தோட்டத்துல பேரு உள்ள குடும்பத்துக்குத்தான் காணியும் வீடும் உறுதியும். மத்தவங்க மாசக் கடைசியில எறங்கணும்."

"நாலு தலமொறயா குடியிருந்த காம்பரா சேர்."

"தலமொறையெல்லாம் பட்டியல்ல ஏறாது. பேரு இருக்கணும். அதுவும் ஓடுபாத முடியிற வரைக்கும், அஞ்சு வருஷம். நடுவுல வேலைய விட்டா எல்லாம் போச்சு."

"எங்கப்பாவால எந்திரிக்கவே ஏலாது. எங்க தூக்கிட்டுப் போறது?"

கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தங்கச்சி, மூணு பாஷ தெரிஞ்ச புள்ள நீ. நாளைக்கே எங்க ஆபீஸ்ல வேலை போட்டுத் தாரேன். உறுதிப் பேச்ச விட்டுரு."

"வேணாம் சேர். இப்ப சொன்ன சட்டத்த அப்படியே எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்க. எல்லாத்தையும் வாயால சொல்லிச் சொல்லியேதானே எங்கள இருநூறு வருஷமா ஏமாத்துறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத பேருக்கு எழுதித் தருவதில் என்ன நட்டம்? எழுதினார். இன்றைய தேதி போட்டார். முத்திரையும் குத்தினார்.

"போதுமா? கண்ணாடி போட்டு மாட்டிக்க."

சுலக்ஷனா கடிதத்தை ஒருமுறை வாசித்து, நான்காக மடித்தாள்.

"நீங்க பாத்தது நேத்துப் பட்டியல் சேர். இன்னைக்குக் காலையில வேலைக்குப் பேரு எடுத்த பெரட்டுல ஆறாம் லயத்துக்கு ஒரு பேரு புதுசா விழுந்திருக்கு. பேரு எழுதின கண்டாக்கையாவக் கேட்டுப் பாருங்க."

சிரிப்பு நின்றது. "யார் பேரு?"

அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். வெளிச்சுவரோரம் வைத்திருந்த கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"என் பேருதான். கொழுந்து நிறுவைக்கு முந்தி மலைக்குப் போகலன்னா, மொத நாளே அரைச் சம்பளத்துக்கு அரைநாள் பேருதான் போடுவாங்க."