கை தூக்கினால் ஐந்து

குறடு என் கடைவாய்ப் பல்லைக் கவ்வித் திருகியதும் காய்ந்த விறகு முறிவதுபோலத் தாடைக்குள் சத்தம் கேட்டது.

பல்லின் தலை மட்டும் உடைந்து வந்தது. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

“இன்னும் நாற்பதுலதான் நிக்குது,” என்றார் பெரிய டாக்டர். என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு அவருடையது. சின்ன டாக்டர் இந்த வருஷம்தான் படிப்பை முடித்து வேலை கேட்டு வந்திருந்தார். நூற்றுக்கு நாற்பது பங்கு சம்பளம். ஆனால் முதலில் கைவேலையைக் காட்ட வேண்டும். வலித்தால் நோயாளி கையைத் தூக்குவார். தூக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து குறையும்.

இவ்வளவையும் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு மேலேதான் பேசினார்கள்.

“மத்த ரெண்டு இடத்துல சும்மா வந்து பழகிட்டுப் போன்னாங்களாமே? அதுக்கு நான் பரவாயில்லம்மா.”

சின்ன டாக்டர் கத்தியால் என் ஈறைக் கீறினார்.

ஊசி பாதிதான் பிடித்திருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

துளைக்கருவி எலும்பைக் கடைந்தது. முடி கருகும் வாடை என் வாயிலிருந்தே வந்தது. குழாய் உறிஞ்சியது போக மீதி ரத்தத்தை விழுங்கினேன்.

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கை. இன்றைக்குத் தூக்காமல் இருப்பதுதான் அதற்கு வேலை.

நெம்புகம்பி வேருக்கடியில் இறங்கியபோது கண்ணில் பொறி பறந்தது. கால் தானாக உதறியது. தட்டு கவிழ்ந்து சாமான்கள் தரையெல்லாம் சிதறின.

“கால் கணக்குல வராதுல்ல சார்?” என்றார் சின்ன டாக்டர், மூச்சு வாங்க.

அடுத்த நெம்பில் வேர் பிய்த்துக்கொண்டு வந்தது. நுனியில் சதை தொங்கியது.

பெரிய டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “ரெண்டு வருஷத்துச் சீழு. இத்தனை நாள் யாருக்காகக் காத்துக்கிட்டிருந்தீங்க, பெரியவரே?”

வாய் நிறைந்த ரத்தத்தைத் துப்பினேன்.

“சரிம்மா. நாற்பதே வெச்சுக்கோ. வசூலாகுற பணத்துல.”

சின்ன டாக்டர் தலையாட்டப் போனார்.

வசூலாகுற. அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் கிடங்கில் அதற்குப் பெயர் ‘போய்ச் சேர்ந்த மூட்டை’. நாங்கள் நூறு ஏற்றுவோம். வழியில் கிழிந்தது, நனைந்தது, காணாமல் போனது எல்லாம் கழித்து எண்பதுக்குத்தான் மேஸ்திரி கூலி கொடுப்பான். முதுகு மட்டும் நூறுக்கும் வலிக்கும். இங்கேயும் அப்படித்தான். அப்புறம் தருகிறேன் என்று போகிறவன், தள்ளுபடி கேட்கும் இவருடைய சிநேகிதன், எல்லோரும் அந்தச் சின்ன முதுகில்தான் ஏறுவார்கள்.

நாக்கு மரத்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் எச்சில்தான் வழியும்.

குழி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, பெரிய டாக்டர் வலது கை விரலை என் வாய்க்குள் விட்டார்.

கடித்தேன். எலும்பு தட்டுப்படும் வரைக்கும் கடித்தேன்.

அவர் அலறிக்கொண்டே இடது கையால் என்னை அறைந்தார். வெட்டுப்பட்ட பக்கமே விழுந்தது அடி. மறுபடி ஓங்கிய கையைச் சின்ன டாக்டர் பிடித்துத் திருகினார். பல்லைத் திருகியதைவிடப் பலமாக.

“மரத்த தாடை சார். அவருக்கே தெரியாம மூடிக்கிச்சு. போயி விரலக் கழுவுங்க.”

பெரிய டாக்டர் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

சின்ன டாக்டரின் பையிலிருந்த பேனாவை உருவினேன். என் நெஞ்சில் விரித்திருந்த காகிதத்தில் ரத்தம் படாத மூலையாகப் பார்த்து எழுதினேன்: செஞ்ச வேலைக்கு.

மற்ற எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயின. ‘வே’ மட்டும் நேராக நின்றது.

சின்ன டாக்டர் படித்தார். காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார். பெரிய டாக்டர் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“நாற்பது சரி சார். ஆனா வசூலுக்கு இல்ல, செஞ்ச வேலைக்கு. முடியாதுன்னா நான் கிளம்புறேன். அந்த விரலுக்குத் தையல் போட வேற ஆளப் பாத்துக்கோங்க.”

பெரிய டாக்டர் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். கீழே கிடந்த சாமான்களைப் பார்த்தார். பிறகு மேஜையில் தயாராக இருந்த ஒப்பந்தத் தாளை இடது கையால் இழுத்து, ‘வசூல்’ என்று இருந்ததை அடித்தார்.

“பேரு தெரியும். இனிஷியல்?”

“வே,” என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

இடது கையால் எழுதினார். கோணலாக விழுந்தது.

எல்லோரும் எழுத்தை ‘அ’வில் தொடங்குவார்கள். நான் முப்பத்தெட்டு வயதில் ‘வே’யில் தொடங்கினேன், அவளுடைய மதிப்பெண் அட்டையில் இனிமேல் கைநாட்டு வைக்கக் கூடாது என்று.

என் பெயரின் முதல் எழுத்து அது.