ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்

சிரித்தே கஷ்டத்தை வென்றவன் என்று உலக வரலாற்றில் ஒருவன்கூடக் கிடையாது. இதைப் பத்து நிமிட ஆவணப்படத்தில் நிரூபிக்கப்போகும் முதல் மனிதன் ஆல்வின், விஸ்காம் இரண்டாம் வருஷம். படப்பிடிப்பு, அவன் அம்மா ரெஜினா ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் படுக்கும் வார்டில். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய அந்த இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் கையில் ஊசி ஏறப்போகிறதோ அவருக்காகப் பக்கத்துக் கட்டில் சுபேர் பாய் குரல் கொடுப்பார். “சிஸ்டர், ரெஜினாம்மாவுக்கு ஒரு நன்னாரி சர்பத்!” “ஐஸ் போட்டா, போடாமலா?” என்பார் சிஸ்டர். வார்டே சிரிக்கும், அதற்குள் ஊசி ஏறியிருக்கும்.

“சிரிச்சா கிட்னி வளருமாம்மா?” என்பான் ஆல்வின்.

“நீ படத்தை எடுடா, பெரிய மனுஷா.”

இன்று சுபேர் பாய் கட்டிலில் புது விரிப்பு. அவர் இனி வரமாட்டார். சிஸ்டர் ஊசியோடு குனிந்ததும் அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“போதும் சிஸ்டர். எனக்கு இனிமே வேணாம்.”

“அம்மா, கையைக் குடும்மா” என்றான் ஆல்வின்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்துக் கஷ்டத்தை வெல்ல முடியாது என்று அவன் சொன்னதுதான் சரி. படத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. ஆல்வின் கேமராவை அணைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சிஸ்டர், ரெஜினாம்மாவுக்கு ஒரு நன்னாரி சர்பத்.”

“ஐஸ் போட்டா, போடாமலா?” சிஸ்டர் அம்மாவைத்தான் கேட்டார்.

போர்வை லேசாகக் குலுங்கியது.