எதற்கெடுத்தாலும் குறை

“மேடம், உக்கிரபாண்டி சார் எங்க டீமுக்கு வேண்டாம். வேற பக்கம் மாத்திருங்க.”

இசைவாணி படபடவென்று சொன்னாள். பக்கத்தில் மணிகண்டராஜ் தலையாட்டினான்.

சிவகாசி பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடம் அது. புகை குறைந்த புது மருந்து தயாரிக்க ஒரு சின்னக் குழு. தலைவி சுகிர்தா.

“அப்படி என்ன செஞ்சாரு?”

“எதைச் சொன்னாலும் குறை மேடம். ‘மழைக்காலத்துல ஈரம் கோத்தா என்னாகும்?’ங்காரு. அதைச் சரிபண்ணிட்டுப் போனா, ‘சித்திரை வெயில் தாங்குமா?’ங்காரு. ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு அவரு வாயில வந்ததில்ல.”

“புதுசா யோசிக்கவே மனசு வரமாட்டேங்குது,” என்றான் மணிகண்டராஜ்.

சுகிர்தா வாதாடவில்லை. உக்கிரபாண்டியை அன்றே வேறு பிரிவுக்கு மாற்றினார். அவரும் ஏனென்று கேட்காமல் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் தெளிவு. சுகிர்தா பலகையில் ஒரு கலவையை எழுதினார்.

“என் யோசனை இது. எப்படி இருக்கு?”

“அருமை மேடம்!” என்றாள் இசைவாணி.

“நாளைக்கே கலந்து பாத்துரலாம்,” என்றான் மணிகண்டராஜ்.

“குறை எதுவும் இருக்கா?”

மணிகண்டராஜ் கலவையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

“கந்தகத்தோட குளோரேட்டைச் சேத்து எழுதியிருக்கேன். லேசா உரசினாலே வெடிச்சிரும். கலக்குறவுக கை மிஞ்சுமா?”

மணிகண்டராஜ் தரையைப் பார்த்தான். “கவனிச்சேன் மேடம். நீங்களே எழுதும்போது, ஏதோ காரணம் இருக்கும்னு...”

“இசைவாணி?”

“எனக்கும் அப்படித்தான் மேடம்.”

சுகிர்தா பலகையை அழித்தார்.

இசைவாணிதான் முதலில் பேசினாள். “சாரைத் திரும்பக் கூப்பிடுங்க மேடம். நாங்களே மன்னிப்புக் கேட்டுக்கிடுதோம்.”

“காலையிலேயே கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாரு.”

“எங்க மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. யாரு என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், குறை கண்டுபிடிக்கணும்னு அவர்கிட்டக் கேட்டுக்கிட்டதே நான்தான்.”

இருவரும் நிமிர்ந்தார்கள்.

“‘உங்களுக்காக இம்புட்டு நாளும் கெட்ட பேரு வாங்கிட்டேன் மேடம். பிள்ளைக எம்புட்டு அருமையா யோசிக்குதுக! இனிமேயாவது அதை அதுககிட்டப் போயி வாய் நெறையச் சொல்லிக்கிடுதேனே’ங்காரு.”