இரண்டில் நின்ற கணக்கு

திரையில் இன்றும் இரண்டுதான்.

பாஸ்கோ தகரக் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். வெயில் அறைந்தது. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தான். இரண்டு.

கணினியில் ஓடும் எண், சுரங்கக் கூட்டாளி மிர்க்கோவுடையது. இரண்டை எட்டுக் கோடித் தடவைக்கு மேல் பெருக்கி ஒன்றைக் கழித்தது. இலக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டு எழுதினால் ஆஸ்திரேலியாவின் இந்தக் கல்கூர்லியில் தொடங்கி, அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெர்த்தைத் தாண்டிப் போகும்.

அது பகா எண்ணா என்று பார்க்க, நாலில் தொடங்கி, வந்ததை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்த ராட்சச எண்ணால் வகுத்த மீதியைத் திரும்பப் பெருக்கி… நாற்பத்தொரு நாளாகக் கணினி இதையேதான் செய்தது. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். பகா எண் தேடும் உலகக் குழுவின் பட்டியலில் மிர்க்கோ பேர் நிற்கும்.

இருபத்தெட்டாம் நாள் கணினிக்குள் செம்மண் அடைந்திருப்பதைப் பாஸ்கோ பார்த்தான். சுரங்கத்தில் துளைக்கும் இயந்திரத்தை ஊதுவதுபோல, கம்ப்ரஸர் குழாயைச் செருகி ஓர் ஊது ஊதினான். ஓடிக்கொண்டிருக்கும்போதே. கணக்கு பிசகியது அன்றைக்குத்தான்.

அவன் கவனித்தபோது, கணினி அவ்வப்போது எடுத்து வைத்திருந்த பழைய சேமிப்புகளின் மேலும் இரண்டே ஏறியிருந்தது. இரண்டிரண்டு நாலு, இரண்டு போனால் இரண்டு. அதில் விழுந்த கணக்கு எழுந்திருக்காது. முதலிலிருந்து ஓட்ட ஆறு வாரம் வேண்டும். மிர்க்கோவின் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. டாக்டர் கொடுத்த கெடு மூன்று வாரம்.

"டேய், கணக்குப் பாக்கப் போனியா, பீர் அடிக்கப் போனியா?" வீட்டுக்குள் கட்டிலில் ஆக்சிஜன் குழாயோடு மிர்க்கோ.

"முடிஞ்சுது. பூஜ்யம் இல்லடா. பகா எண் இல்ல."

எந்த எண் அதை வகுக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லாது. பகா எண் இல்லை என்று மட்டும் சொல்லும். மிர்க்கோவும் அதைக் கேட்கவில்லை.

"மீதியோட வாலப் படி. கடைசியில வர்றத மட்டும்."

காலையில் அடுக்களையில் உட்கார்ந்து, கணினி மீதியைக் காட்டும் பாணியில் எண்ணும் எழுத்துமாக வாய்க்கு வந்ததைக் கிறுக்கிய பீர் அட்டைத் துண்டைப் பாஸ்கோ பையிலிருந்து எடுத்தான். வாசித்தான். மிர்க்கோ கண்ணை மூடிக்கொண்டு, போர்வைமேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான்.

கண்ணைத் திறந்தான்.

"அனுப்பிடு. என் பேர எடுத்துட்டு உன் பேரப் போடு."

"இது உன் எண்ணுடா."

"தூசி தட்டினது நீதானே. போடா."

பாஸ்கோ கொட்டகைக்கு ஓடாத குறையாக நடந்தான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, அந்தக் குழுவில் வேறு தேசத்தில் யாரோ இதே கணக்கை மறுபடி போடுவார்கள். அதுதான் வழக்கம். இரண்டு மீதியும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், பொய்க் கணக்குக்குப் பக்கத்தில் அதைப் போட்டவன் பேர் அப்படியே கிடக்கும்.

தன் பேரைத் தட்டினான். அட்டையைப் பார்த்து மீதியைத் தட்டினான்.

பதினாறு எழுத்தோடு கட்டம் நிரம்பிவிட்டது. எந்த மீதிக்கும் அவ்வளவுதான் இடம்.

அட்டையில் இன்னும் ஓர் எழுத்து இருந்தது, மிர்க்கோ விரல் மடக்கி எண்ணிய பதினேழாவது.