ஷூ நாடா

மலையேறப் போவது இருவருக்கும் அதுதான் முதல் முறை. கிளம்புவதற்குள் புது ஷூவை வீட்டிலேயே போட்டு நடந்து பழகச் சொல்லியிருந்தார் கடைக்காரர். தெருவை மிதிக்காத ஷூதான் என்றாலும், சங்கரி பூஜை அலமாரியின் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுவலகத்துக்குக்கூடச் செருப்பிலேயே போகிற அவள் கணவன் அருள்மணி, தரையில் அமர்ந்து அவள் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

“இறுக்கிக் கட்டணும். இல்லேன்னா மலை இறங்கும்போது விரல் போய் இடிக்கும்” என்றபடி நாடாவை இழுத்தான். முயல் காதுபோல இரண்டு வளையம் வைத்து முடிச்சுப் போட்டு, அவிழாமலிருக்க அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டான். கண் டீவியில் இருந்தது. கை தானாகவே செய்தது. கடைசியில் பாதத்தை லேசாகத் தட்டி, “ம், ஓடு” என்றான்.

சங்கரி அசையவில்லை. ஷூ மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப அந்த வீட்டில் பிள்ளை கிடையாது.

“இதெல்லாம் எங்கங்க கத்துக்கிட்டீங்க?”

“யூடியூப்லதான்.”

பிறகு தன் ஷூவைப் போட்டுக்கொண்டு குனிந்தான். நாடாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பார்த்தான். கட்டியது அவிழ்ந்தது. மறுபடி கட்டினான், கோணலாக வந்தது.

“என் காலுக்கு மட்டும் சட்டுனு வந்துச்சே?”

“எதிர்ல உட்காந்து கட்டித்தான் பழக்கம்” என்றான். சொன்ன பிறகு அவன் நிமிரவில்லை.

சங்கரி எழுந்து கூடத்தில் ஒரு நடை நடந்து பார்த்தாள். புது ஷூ எங்கேயும் கடிக்கவில்லை.