நண்டைத் தர மாட்டேன்

"தர மாட்டேன்!"

முதுகில் கட்டிய குழந்தையோடு கினுயோ வாசலை மறித்து நின்றாள்.

வெளியே தள்ளுவண்டி. யுத்தத்துக்கு உருக்குவதற்காகத் தெருவே கொடுத்த பானை, கரண்டி, கோயில் மணி எல்லாம் அதில் கிடந்தன. சுற்றிலும் தெருப் பெண்கள். முன்னால், அவர்களுடைய தலைவி தட்சு அம்மா.

"ஜப்பானே அள்ளிக் கொடுக்குது. உனக்கு ஒரு இரும்பு நண்டு பெரிசாடி?"

"பெரிசுதான். என் வீட்டுக்காரர் அடிச்சது. நிஜ நண்டு மாதிரி ஒவ்வொரு காலும் கணுக்கணுவா மடங்கும்."

"மடங்கட்டும். குண்டா மாறி, சண்டையில உன் வீட்டுக்காரரைத்தான் காப்பாத்தும்."

"அவரையே கொடுத்துட்டேனே! அவர் கைவேலையும் வேணுமா?"

"வாயைப் பாரு, துரோகி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "போலீஸ்ல சொன்னாத்தான் அடங்குவா."

"போலீஸ் எதுக்கு? நான் ஒருத்தி போதும்" என்றாள் தட்சு அம்மா. "அரிசிச் சீட்டை நிறுத்தினா நண்டு தானா வெளிய வரும்."

கினுயோ நகரவில்லை.

"நிறுத்திக்குங்க. புல்லை அவிச்சாவது என் பிள்ளையை வளர்ப்பேன்."

தட்சு அம்மா அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மழைச் சேறு அப்பிய மரச்செருப்போடு, பாய் விரித்த கூடத்துக்குள் ஏறினாள்.

செருப்போடு! பெண்களுக்கே மூச்சு நின்றது. எதிரி வீட்டில்கூட யாரும் அப்படி நுழைய மாட்டார்கள்.

இரண்டு பேர் கினுயோவைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே இரும்பு இடிபடும் சத்தம்.

தட்சு அம்மா துணி மூட்டையோடு வந்து, அதை வண்டியில் டங்கென்று போட்டாள்.

"நண்டு வந்தாச்சு. தள்ளுங்கடி!"

"நீங்கள்லாம் மனுஷியா?" கினுயோ கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

நண்டு இருந்த கூடத்து மாடம் காலியாக இருந்தது. அழுதுகொண்டே ஈரத்துணியால் செருப்புச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

தடம் மாடம்வரை போயிருந்தது. அங்கிருந்து வாசலுக்குத்தானே திரும்பியிருக்க வேண்டும்? அடுப்பங்கரைக்குப் போயிருந்தது. அங்கிருந்து மெத்தை அலமாரிக்கு.

கதவைத் தள்ளினாள்.

குழந்தையின் போர்வைகளுக்கு நடுவே, இரண்டு கொடுக்குகளையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தது நண்டு.

அடுப்பங்கரைக்கு ஓடினாள். அங்கே இரும்புச் சட்டியைத்தான் காணோம்.

தெருவில் தட்சு அம்மாவின் குரல் கேட்டது:

"அடுத்த வீடு யாருடி? இந்தத் தட்சுகிட்ட ஈவு இரக்கமெல்லாம் கிடையாது, ஆமா!"